ரத்தம் பார்த்த ஈயம்

முந்நூற்று நாற்பது லெவா. வெல்கோ என்கிறவன் ராதோய் என்கிறவனுக்குத் தர வேண்டிய கடன். ஒரு லெவா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நேரம்... இரவு பதினொன்று நாற்பது. இடம், ஈயச் சுரங்கத்திலிருந்து ஊருக்கு இறங்குகிற ஒன்பது கிலோமீட்டர் மலை ரோடு. விளக்கு கிடையாது. மூன்றாவது வளைவில் ஒரு பழைய காற்றுக்குழி இருக்கிறது. சுரங்கத்துக்குள் காற்று போவதற்காக அந்தக் காலத்தில் வெட்டியது. நாற்பது மீட்டர் ஆழம். மேலே நாலு பலகை போட்டு மூடியிருப்பார்கள்.

அந்தத் தொகை, அந்த நேரம், அந்த வளைவு. மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் இன்னும் ரெண்டு கட்டையைப் போட்டுவிட்டு நெருங்கி உட்காருங்கள். இந்தப் பனிக்கு விடிகிறவரை லாரி வராது.

இது எனக்கு நடந்ததில்லை. என்கூட வேலை பார்த்த தென்ச்சோவின் தங்கை ரைனாவுக்கு நடந்தது. வெல்கோ அவள் புருஷன். அவள் அண்ணனிடம் சொன்னாள், அண்ணன் என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் முன்னால் ரக்கியாச் சாராயம் கிளாஸில் நிரம்பியே இருந்தது. ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. அதனால்தான் நம்பினேன்.

முதலில் ராதோய். சுரங்கத்தில் துளை போடுகிறவன். வலது கையில் மூன்று விரல்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் தள்ளுவண்டிக்குப் போய்விட்டன. கஷ்டம் என்று கேட்டால் பணம் கொடுப்பான். வட்டி வாங்க மாட்டான். ஆனால் எண்ணி வாங்குவான். கூடக் கொடுத்தால் மிச்சத்தை நாலாக மடித்து, கொடுத்தவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி அழுத்துவான். "எண்ணிக் குடு, எண்ணி வாங்கு. அப்பதான் ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் வரும்" என்பான்.

அந்த அக்டோபர் மாதம் ராதோயைக் காணோம். ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய்விட்டான் என்றார்கள். அப்போது பாதி ஊர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. அவன் பெண்டாட்டி ஸ்லாத்தா, சுரங்கக் கேன்டீனில் சமைக்கிறவள், பயந்தவர்களுக்கு ஈயம் உருக்கி ஊற்றுகிறவள், தபால்காரனை மட்டும் தினமும் கேட்பாள். "எனக்கு ஏதாவது இருக்கா?" இருக்காது.

அக்டோபர் பதினேழு. அன்று வெல்கோவுக்கு இரவு ஷிஃப்ட். பதினொன்றுக்கு முடிந்தால் பன்னிரண்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அவன் வந்தது ரெண்டு மணிக்கு. ரைனா வாசல் விளக்கைப் போட்டாள். காரின் பக்கத்து சீட்டெல்லாம் ரத்தம்.

"பன்றி," என்றான். "ரோட்டுல குறுக்க வந்துச்சு. துப்பாக்கி டிக்கியில இருந்துச்சு. அடிச்சேன்."

"கறி எங்க?"

"கடனுக்குப் போச்சு."

"யார் கடன்?"

"பழசு. தீந்துடுச்சு. நீ தண்ணி கொண்டா."

நசுங்கின குண்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் புகையிலை டப்பாவில் போட்டான். பெரிய பன்றியைச் சாய்த்த குண்டை இங்கே யாரும் எறிய மாட்டார்கள், பயம் தெளிய ஊற்ற அந்த ஈயம்தான் வேண்டும், தெரியும்தானே. ரைனா நாலு மணிவரை சீட்டைத் தேய்த்தாள். அடுத்த வாரமே வெல்கோ காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். இரவு ஷிஃப்டுக்குத்தான் கூடுதல் காசு. எவனும் விட மாட்டான். இவன் விட்டான்.

அவர்களுக்கு ஒரே பெண். டோன்கா. ஐந்து வயசு. இருபதுவரை எண்ணுவாள், பதிமூன்றை மட்டும் விட்டுவிடுவாள்.

பதினெட்டாம் தேதி இரவு அவள் ஒன்பதுக்குத் தூங்கினாள். பதினொன்று நாற்பதுக்கு எழுந்து உட்கார்ந்தாள்.

கத்தல்... குழந்தை கத்துகிற மாதிரி இல்லை. கால் மாட்டிக்கொண்ட ஆள் கத்துகிற மாதிரி. ரைனா ஓடினாள். குழந்தையின் கண் திறந்திருக்கிறது. கருவிழி அகலமாக இருக்கிறது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி அடிக்கிறது. தூக்கப் போனவளின் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தும் விடவில்லை. அப்புறம் யாரோ நெஞ்சில் உதைத்தது போலப் பின்னால் தூக்கி எறியப்பட்டாள். தலை கட்டில் கம்பியில் "ணங்" என்று மோதியது. அடுத்த நிமிஷம்... தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில், "அம்மா, உன் கைய யாரு கடிச்சா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும். அதே நேரம். ஒரு நாள் ரைனாவின் முகத்தில் தலையால் இடித்து மூக்கெலும்பை உடைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு நடந்து போய், இறைச்சி தட்டுகிற சுத்தியலை எடுத்துவந்து, தூங்கிக்கொண்டிருந்த வெல்கோவின் நெஞ்சில் இறக்கினாள். ஐந்து வயசுக் குழந்தை. விலா எலும்பு ரெண்டு விரிசல் விட்டது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்தத் தூக்கி எறிதல். கம்பியைச் சுற்றி ரைனா பழைய துணியெல்லாம் கட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள். "உம் பொண்ணு போடற சத்தத்துல என் கோழி முட்டை வக்கிறதில்ல ரைனா. ஓபராவுல சேத்து விடேன்."

"உன் கோழிய முதல்ல உன் வீட்டுக் கிழவன்கிட்டேர்ந்து காப்பாத்து. முட்டை தானா வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

பிப்ரவரியில் நகரத்து டாக்டரிடம் போனாள். நல்ல மனுஷன். பொறுமையாகச் சொன்னார். "இது கெட்ட கனவு இல்லம்மா. கனவுன்னா குழந்தை முழிச்சுக்கும், உன்னத் தேடும், காலையில ஞாபகம் இருக்கும். இதுல குழந்தை முழிக்கறதே இல்ல. உடம்பு பாதி எந்திரிச்சுடுது, மூளை தூங்கிட்டிருக்கு. நீ தாங்கிப் பிடிச்சா இன்னும் மிரளும். பிடிக்காத, உலுக்காத. அடிபடாம மட்டும் பாத்துக்க. வளர வளர விட்டுடும். தினம் ஒரே நேரமா?"

"பதினொண்ணு நாப்பது."

"அதுக்குக் கால் மணி முன்னாடி லேசா எழுப்பி, திரும்பப் படுக்க வை. சுழற்சி உடையும். எப்ப ஆரம்பிச்சது?"

"என் வீட்டுக்காரர் பன்றி அடிச்சாரு. அதுக்கு மறுநாள்."

"ரத்தத்தப் பாத்திருக்கும்," என்றார் டாக்டர்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. எழுப்பினாள். நாலு நாள் ஒன்றுமில்லை. வீட்டில் மூன்று பேரும் தூங்கினார்கள். ஐந்தாம் நாள் எழுப்பிப் பால் கொடுத்தாள். குழந்தை கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பால்ல ஆடை," என்றாள். அந்த வாய் மூடவில்லை... கண் மாறியது. கிளாஸ் கையிலேயே நொறுங்கியது. நொறுங்கின கிளாஸோடு வெல்கோவின் கழுத்துக்குப் பாய்ந்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். உள்ளங்கை கிழிந்தது. அன்றுதான் முதல் தடவை அவள் பேசினாள். கனத்த, நிதானமான பேச்சு.

"எண்ணிக் குடு."

பின்னால் எறியப்பட்டாள். இந்தத் தடவை மூச்சு வரவில்லை. ரைனா எண்ணினாள். இருபது எண்ணின பிறகு வந்தது.

அன்று ரெண்டு விஷயத்தைப் பார்த்தாள். ஒன்று, குழந்தையின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கிக் கல்லாக இருந்தன. பிரிக்க முடியவில்லை. இன்னொன்று, வெல்கோவின் முகம். குழந்தைக்காகப் பயந்த முகம் இல்லை அது.

அடுத்த இரவு நாற்பது எண்ணினாள். அதற்கடுத்த வாரம் எழுபது. உதடு நீலமாகிவிட்டது. ஏதோ ஒரு ராத்திரி எண்ணி முடிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்லாத்தாகிட்ட ஈயம் ஊத்தப் போறேன்," என்றாள்.

"அவகிட்ட மட்டும் போகாத."

"ஏன்?"

"மூடத்தனம்."

போன வருஷம் முதுகுவலிக்கு உருளைக்கிழங்கைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் சொல்கிறான்.

ரெண்டு மணிக்குக் கேன்டீன் மூடும். வெல்கோவின் ஷிஃப்ட் மூன்றுக்கு முடியும். இடையில் ஒரு மணி நேரம். ரைனா குழந்தையை இழுத்துக்கொண்டு ஸ்லாத்தாவின் வீட்டுக்குப் போனாள்.

ஸ்லாத்தா தடித்த பொம்பளை. வாயில் சிகரெட் அணையாது. "வாடி. பசிச்சாலும் என்கிட்ட, பயந்தாலும் என்கிட்ட. குண்டு கொண்டுவந்தியா? சுரங்கத்துல டன் கணக்கா ஈயம் கெடக்கு, அதெல்லாம் ஆகாது. ரத்தம் பாக்காத ஈயத்துக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

ரைனா புகையிலை டப்பாவைத் திறந்து பன்றிக் குண்டைக் கொடுத்தாள்.

இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினாள் ஸ்லாத்தா. டோன்காவின் தலைமேல் சிவப்புத் துணி. துணிக்கு மேலே உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை ரைனா பிடித்துக்கொண்டாள். ஈயம் உருகிக் கண்ணாடி மாதிரி ஆனது. ஊற்றினாள். "ஸ்ஸ்ஸ்..." ஆவி வந்தது. கருகின மயிர் நாற்றம்.

ஸ்லாத்தா கிண்ணத்தைப் பார்த்தாள். சிகரெட் சாம்பல் தண்ணீரில் விழுந்தது. வழக்கமாக உருவத்தைப் பார்த்தே குழந்தை எதற்குப் பயந்தது என்று சொல்வாள், நாய் என்பாள், மின்னல் என்பாள். இந்தத் தடவை எடுத்துத் திரும்ப உருக்கினாள். ஊற்றினாள். பார்த்தாள். மூன்றாவது தடவையும் உருக்கி ஊற்றினாள்.

மூன்று தடவையும் ஒரே உருவம். ஒரு கை. உள்ளங்கையை விரித்து நீட்டின கை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அதற்குமேல் இல்லை.

பதினாறு வருஷம் அந்தக் கைக்குச் சூப் ஊற்றியவள் அவள்.

"இந்தக் குண்டு எப்ப சுட்டது?"

"அக்டோபர் பதினேழு... பன்றி, அக்கா."

ஸ்லாத்தா முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. சிகரெட்டைக் கிண்ணத்தில் போட்டு அணைத்தாள். குழந்தையின் தலையிலிருந்து துணியை எடுத்து, மயிரை ஒதுக்கிவிட்டாள். ஈயக் கையை அந்தத் துணியில் சுற்றி ரைனாவிடம் நீட்டினாள்.

"மூணு ராத்திரி தலகாணிக்கடியில வை. ஆரம்பிச்சத நான் பாதியில விடறதில்ல. கொழந்தைக்கும் எனக்கும் ஒரு கணக்கும் இல்ல."

ரைனா கூலியைக் கிண்ணத்துக்கடியில் வைக்கப் போனாள். இங்கே வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நாமே வைக்க வேண்டும்.

"அத எடு. எனக்கு வேண்டாம். என் வீட்டுக்காரன் நோட்டுல உன் புருஷன் பேருல முந்நூத்தி நாப்பது நிக்குது. அவன்கிட்டச் சொல்லு. எண்ணிக் குடுக்கச் சொல்லு."

ரைனா குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

சாயங்காலம் வெல்கோ பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவள் துணியைப் பிரித்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஈயக் கையை வைத்தாள். கரண்டி பாதியில் நின்றது.

"கறி கடனுக்குப் போச்சுன்னியே. எந்தக் கறி வெல்கோ?"

எழுந்தான். அறைந்தான். அவள் சுவரில் போய் விழுந்தாள். அவன் இறைச்சிச் சுத்தியலை எடுத்து ஈயத்தை நசுக்க ஓங்கி அடித்தான். உள்ளே டோன்கா அலறினாள். இன்னொரு அடி. இன்னொரு அலறல். மூன்றாவது அடிக்கு ஓங்கினவனின் காலை ரைனா கட்டிக்கொண்டாள். "போதும். உடம்புல விழுது. அவ உடம்புல விழுது..." உள்ளே ஓடிப் பார்த்தாள். குழந்தையின் முதுகில் ரெண்டு இடத்தில், சுத்தியல் முகம் அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

ஈயத்தில் ஒரு கீறல் இல்லை.

அன்று இரவு தலையணைக்கடியில் வைத்தாள். பதினொன்று நாற்பது. கத்தல் இல்லை. டோன்கா கட்டிலைவிட்டு இறங்கி, வெல்கோவின் முன்னால் நின்று, மூன்று விரலை நீட்டினாள். "எண்ணிக் குடு." அவன் பின்வாங்கினான். அவள் கிட்டே போனாள். அவன் சுவரில் முட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் காலை உதறினான். அவன் கால் படவே இல்லை என்று ரைனா சத்தியம் செய்கிறாள். ஆனாலும் குழந்தை அறையின் அந்தக் கோடிவரை பறந்துபோய் விழுந்தது. ரைனா எண்ணினாள். நூறு. நூற்றி இருபது. உதடு கறுத்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்து அமுக்கினாள், வாயில் ஊதினாள். நூற்றி எண்பதில்... ஒரு விக்கல். மூச்சு.

வெல்கோ தரையில் உட்கார்ந்து சொன்னான். "மூணாவது வளைவு. காத்துக்குழி. ஷிஃப்ட் முடிஞ்சு எங்கூட வந்த ராதோய் வண்டிய நிறுத்துன்னான். நிறுத்தினேன். பத்து நாள் தவணை கேட்டேன். உம் பொண்டாட்டிகிட்டயே கேட்டுக்கறேன்னு சொன்னான். டிக்கியத் தொறந்து துப்பாக்கிய எடுத்தேன். இறங்கி வந்தான். வெறும் கையோட வந்தான், ரைனா. கைய நீட்டிக்கிட்டு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவனத் தூக்கிப் பக்கத்து சீட்டுல போட்டு, ரோட்டுலேர்ந்து குழிவரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம் திரும்பி வந்து, அவனத் துளைச்சு மரத்துல பாஞ்சிருந்த குண்டத் தோண்டி எடுத்தேன். யாராவது பாத்துடுவாங்கன்னு."

"நாளைக்கு அந்தக் குழிக்கே போய்க் குடு," என்றாள் ரைனா. "நாளைக்குக் குடுக்கலன்னா உன்ன நானே கொல்றேன்."

மறுநாள் அவன் துப்பாக்கியை விற்றான். அடுத்த ஊர் வனக்காவலன் வாங்கினான். முந்நூற்று ஐம்பது. ஏழு ஐம்பது லெவா நோட்டு. காவலன் துப்பாக்கியை இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

"பத்து கூட இருக்கே," என்றாள் ரைனா.

"அவனே வச்சுக்கட்டும்."

பதினொன்றுக்குக் கிளம்பினான். குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. வாசலில் நின்று, "சூப் மீந்தா எடுத்து வை," என்றான். காரின் பின்விளக்கு வளைவு திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையணைக்கடியில் ஈயக் கை. கடிகாரச் சத்தம். வெளியே பனி உருகி ஓட்டிலிருந்து சொட்டுகிறது.

பதினொன்று நாற்பது.

டோன்கா எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். இடது கட்டைவிரலால் எதையோ ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இருபதுக்குமேல் எண்ணத் தெரியாத குழந்தை.

"அம்பது... நூறு... நூத்தம்பது..."

நிதானமாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"முந்நூறு... முந்நூத்தம்பது."

நின்றாள். புருவத்தைச் சுருக்கினாள், கணக்கு உதைக்கிறபோது பெரிய ஆட்கள் செய்வது போல. தலையணை ஒரு தடவை துள்ளியது. "டப்" என்று ஒரு சத்தம்... பக்கத்து அறையில் கதவு சாத்தின அளவுக்குத்தான். வெடிமருந்து நாற்றம் வந்தது. குழந்தை தூக்கி எறியப்படவில்லை. மெல்லச் சாய்ந்து படுத்தாள். மடங்கியிருந்த ரெண்டு விரலும் நிமிர்ந்தன. பிறகு கை முழுவதும் மூடிக்கொண்டது. மூச்சு சீராக வந்தது.

ரைனா விடியும்வரை தலையணையைத் தூக்கிப் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தாள். துணி மட்டும் இருந்தது. நடுவில் ஒரு கருகல் ஓட்டை.

ஏழு மணிக்குச் சொல்ல வந்தார்கள். மூன்றாவது வளைவில், காற்றுக்குழியின் விளிம்பில், வெல்கோ மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் ஓட்டை. முதுகில் இல்லை. பலகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆணி ஒன்றுகூட அசையவில்லை. ரைனா சொன்னதும் கயிறு கட்டி ஆளை இறக்கி ராதோயை மேலே எடுத்தார்கள். ஐந்து மாதப் பிணம். சட்டைப் பையில் ஏழு ஐம்பது லெவா நோட்டு. மடிப்புக்கூடக் கலையாமல், காய்ந்து, புதுசாக.

தென்ச்சோதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அறுத்துப் பார்த்த டாக்டர் தட்டில் போட்டுக் காட்டினார். "இது எந்தத் துப்பாக்கிக் குண்டுன்னு தெரியலயே," என்றார். தென்ச்சோ பார்த்தான். ஈயக் கை. தங்கச்சி பார்த்தபோது விரிந்திருந்தது. இப்போது மூன்று விரலும் மூடியிருந்தன. எதையோ வாங்கிக்கொண்ட மாதிரி.

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். டோன்கா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள். வலது கை மட்டும் ராத்திரியிலிருந்து மூடினபடியே இருந்தது.

"நீ பிரிச்சுப் பாரு அண்ணே. எனக்குத் தைரியம் இல்ல," என்றாள் ரைனா.

விரல்கள் சுலபமாகப் பிரிந்தன. குழந்தை விழிக்கக்கூட இல்லை. உள்ளே ஒரு பத்து லெவா நோட்டு. நனைந்திருந்தது. குழிக்குள்ளே அடிக்கிற மண் வாடை.

நாலாக மடித்திருந்தது.